காந்தாரம் இல்லாத கார்டு

18 மே 2025, ஞாயிறு

டெல்லி மதராசி கேம்ப்பில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் நரேலா பேச்சுதான். ஜூன் 1 முதல் இடிக்கலாம் என்று 9ஆம் தேதி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாராபுல்லா நாலாவை ஒட்டிய 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீடு. என் மாணவியின் குடும்பம் பட்டியலில் இருக்கிறது, எதிர்வீட்டுக்காரர்கள் இல்லை. அவள் கேசியோ கீபோர்டைத் துடைத்துவைத்துக் காத்திருந்தாள்.

இன்றைய பாடத்துக்கு சஸ் ஃபோர் கார்டை எடுத்தோம். சி, எஃப், ஜி. ஒரு கார்டு மேஜரா மைனரா என்பதைக் காட்டிக்கொடுப்பது காந்தாரம். அதை எடுத்துவிட்டு அங்கே மத்தியமத்தை வைக்கிறோம். வைத்த மத்தியமத்தை உடனே காந்தாரத்துக்கு இறக்கிவிடச் சொல்கின்றன ஆரம்பப் பாடங்கள்.

25 மே, ஞாயிறு

சி நைன் சஸ் ஃபோர். இடது கையில் சி மட்டும். வலது கையில் ஜி மைனர் செவன்த்: ஜி, பி ஃபிளாட், டி, எஃப். பெயர்தான் பெரிது, கை வைக்க எளிது. பிறகு அதே ஸ்வரங்களைக் கீழிருந்து வரிசையாக வாசிக்கச் சொன்னேன். சி, டி, எஃப், ஜி, பி ஃபிளாட்.

“சார், இது மத்தியமாவதி! ஆயா பஜனை முடிக்கும்போது பாடுமே.”

அதேதான். ஸ ரி ம ப நி, ஒன்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆரம்பப் பாடம் எந்த ஸ்வரக் கூட்டத்தை ‘இன்னும் முடியவில்லை’ என்கிறதோ, அதில்தான் நாம் கச்சேரிக்கு மங்களம் பாடுகிறோம். நம் காது இதில் நிம்மதியாக உட்காரும். ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்குக்கும் அது தெரிந்திருக்கிறது. 1965இல் பதிவான அவரது ‘மெய்டன் வாயேஜ்’ கிட்டத்தட்ட முழுக்க இந்த வகைக் கார்டுகள்தான். ஒவ்வொன்றும் நாலு பார் நிற்கிறது. காந்தாரத்துக்கு இறங்காமலே அடுத்ததற்குப் போகிறது.

1 ஜூன், ஞாயிறு

காலையிலேயே புல்டோசர்கள் வந்துவிட்டன. தெரு முழுக்கக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம். அரிசி மூட்டையை மழையில் நனையாமல் எங்கே வைப்பது என்று ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். கேசியோ என் வீட்டில் இருக்கிறது.

22 ஜூன், ஞாயிறு

கேசியோ நரேலா போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று வீடியோ காலில் பாடம். பள்ளி லோதி எஸ்டேட்டில், வீடு சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. லீவு முடிந்ததும் எப்படிப் போவாள் என்று அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கு அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

தர்ட்டீன் சஸ்: இடது கையில் சி, வலது கையில் பி ஃபிளாட், டி, எஃப், ஏ. தைவதம் சேர்ந்ததும், “இது மத்தியமாவதி இல்ல சார்” என்றாள். சரியாகப் பிடித்தாள். காந்தாரம் இப்போதும் இல்லை, ஆனால் ஒலி அகன்றுவிட்டது. வலது கையை நடு சி பக்கமே வைக்கச் சொன்னேன், கீழே இறக்கினால் ஸ்வரங்கள் குழம்பும். அடுத்த வாரத்துக்கு எஃப்பில் இதையே வாசித்து வரவேண்டும்: வலது கையில் ஈ ஃபிளாட், ஜி, பி ஃபிளாட், டி. இரண்டுக்கும் நாலு நாலு பார், மெதுவாக.