எடையைக் குறைக்குமா விளம்பரம்?



சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள் பெரியவர்கள். அந்தச் சுவரைக் காப்பாற்றச் சொல்லி இன்று எத்தனை விளம்பரங்கள்! ‘எண்ணெயைக் குறையுங்கள்’, ‘சர்க்கரையைக் குறையுங்கள்’, ‘தினமும் நடங்கள்’ என்று வானொலி, தொலைக்காட்சி, செல்போன் எதைத் திறந்தாலும் அறிவுரை மழைதான். மழை பெய்த அளவுக்குக் குளம் நிறைந்ததா?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015-16-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 31 பேர் அதிக எடை உள்ளவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40 ஆகிவிட்டது. ஆண்களும் சளைத்தவர்கள் இல்லை, 28-லிருந்து 37!

அந்த 40 பேரில் ஒருவர் என் அம்மா.

அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் வரும். அம்மாவுக்கு வந்த விடை 32. நம் நாட்டவர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கரண்ட் பில், மருந்துச் சீட்டு, பேங்க் கடிதம் எது வந்தாலும் படித்துச் சொல்வது என் வேலை. ஆனால் இந்த விளம்பரங்களை நான் படித்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அம்மாவுக்கு அத்தனையும் மனப்பாடம்! தினமும் அரைமணி நேரம் நடக்கணும் என்று டிவியில் ஓர் அம்மையார் சொன்னபோது, அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்:

“ஏங்கண்ணு, ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு ராத்திரி ஒம்பது மணிக்கு வூட்டுக்கு வர்றேன். அப்புறம் சோறாக்கோணும். அந்தம்மா எந்நேரத்துல நடக்கச் சொல்றாங்க?”

என்னிடம் பதில் இல்லை. கண்ட்ரோல் சிஸ்டம் படிக்கிறவர்களுக்கு ஓப்பன் லூப் என்றால் தெரியும். இன்புட் போய்க்கொண்டே இருக்கும். அவுட்புட் என்ன ஆச்சு என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம் விளம்பரங்களில் பல அந்த ரகம்தான்.

அப்படியானால் பிரசாரமே வீண் வேலையா? அப்படியும் சொல்ல முடியாது. 1995-ல் நாடு முழுவதும் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து பிரசாரத்தை நினைத்துப் பாருங்கள். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் பெற்றது. ‘இந்தத் தேதியில் குழந்தையைத் தூக்கி வாருங்கள், இரண்டு சொட்டு போதும்’ என்றார்கள். சொன்ன நாளில் தெருமுனையில் சொட்டு மருந்து முகாமும் இருந்தது. எடைக்கு அப்படி இரண்டு சொட்டு கிடையாது. தினம் மூன்று வேளையும் போராட வேண்டும். பக்கத்தில் முகாமும் இல்லை.

அமெரிக்காவில் 2002 முதல் 2006 வரை ‘வெர்ப்’ என்றொரு பிரசாரம் நடந்தது. 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானது. ‘குண்டாகாதே’ என்று அது பயமுறுத்தவில்லை. ‘வா, விளையாடு’ என்று கூப்பிட்டது. ஒரே வருஷத்தில் நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. சின்ன வயதுப் பிள்ளைகள் முன்பைவிட அதிகம் ஓடியாடினார்கள் என்றும் ஆய்வில் தெரிந்தது. பிறகு பணம் நின்றது; பிரசாரமும் நின்றது. ஆனால் குளிர்பான விளம்பரம் எந்த வருஷமாவது நின்றதுண்டா?

நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் பிரதமர் தமது வானொலி உரையில் சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைக்கச் சொன்னார். அதைப் பரப்ப நடிகர்கள் மாதவன், மோகன்லால் உட்பட 10 பேரை அழைத்தார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் ரேஷன் பாமாயிலும் கடை எண்ணெயும் சேர்த்து மாதம் 3 லிட்டர். 10 சதவீதம் என்றால் 300 மில்லி. அம்மா கரண்டியால் அளந்து ஊற்றிக் குறைத்தும் காட்டினார். ஆனால் கம்பெனி டீ டைமில் கிடைப்பது போண்டாவும் வடையும்தானே! அந்த எண்ணெய் எங்கள் வீட்டுக் கணக்கில் வராது.

உண்மையில் அம்மாவை அசைத்தது விளம்பரம் அல்ல. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வரும் ஓர் அக்கா. அம்மா வீட்டில் இருந்த ஒரு லீவு நாளில் வந்து, பிரஷரும் சுகரும் பார்த்தார். இரண்டுமே அதிகம். அம்மாவின் முகம் வாடிப்போனது. முழங்காலும் கண்ணும் நன்றாக இருந்தால்தான் மிஷின் ஓடும். மிஷின் ஓடினால்தான் என் செமஸ்டர் ஃபீஸ். அக்கா பயமுறுத்தவில்லை. “ஒரு நாளைக்கு எத்தனை டீங்க்கா குடிப்பீங்க?” என்று மட்டும் கேட்டார். ஐந்து டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன், சுமார் 40 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. “முதல்ல இதைப் பாதியாக்குங்க, அடுத்த மாசம் வந்து கேக்கறேன்” என்றார். சொன்னபடி வந்து கேட்டார்! அந்த ‘வந்து கேட்டது’தான் மருந்து. அம்மாவின் எடை இன்னும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் டீக்கடையில் “சக்கரை கம்மியாப் போடுங்ணா” என்று தானாகச் சொல்கிறார்.

ஆகவே நண்பர்களே, விளம்பரம் விதைதான். நிலமும் தண்ணீரும் இல்லாமல் விதை மட்டும் முளைக்காது. நம் கேண்டீனில் இரண்டு மாற்றங்களை யூனியன் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. டீயில் சர்க்கரையைத் தனியாகக் கொடுக்கட்டும். போண்டா விலைக்கே சுண்டலும் கிடைக்கட்டும். குண்டாக இருக்கும் நண்பரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை நாம் இன்றே நிறுத்துவோம். கேலி செய்து யாரும் இளைத்ததில்லை. நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் முதலாளியும் ஆவோம். அன்று நம் கம்பெனியில் தொழிலாளி எழுந்து நடக்கப் பத்து நிமிஷம் கொடுப்போம்.

சுவரில் எழுதியது போதும். இனி செயலில் எழுதுவோம்!

— இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னியல் துறை