லாங் பஜார் டு லாங்இயர்பியன்

சித்திரை வெயிலில் வேலூர் லாங் பஜாரில் போய் மங்கி குல்லா கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள்? அப்படித்தான் பார்த்தார் கடைக்காரர்.

"ஊட்டிக்கா சார்?"

"இல்லீங்க, ஆர்க்டிக்!"

"அம்மாவும் வர்றாங்களா?"

"அவ போய் ரெண்டு வருஷமாச்சு."

பேரம் பேசாமலே ஐம்பது ரூபாய் குறைத்தார்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கிறது லாங்இயர்பியன். 1906-ல் லாங்இயர் என்ற அமெரிக்கர் நிலக்கரி வெட்ட உண்டாக்கிய ஊர். அங்கிருந்துதான் கப்பல். கேபின் இரண்டு பேருக்கானதாம். தனி ஆளென்றால் கூடுதல் கட்டணம். இல்லாத ஆளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன்!

ஜூலையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. கரை இறங்கினால் வெள்ளைக் கரடி பயம். வழிகாட்டி துப்பாக்கியோடு முன்னால் நடப்பார். தனியாகப் போகக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. தனியாக வந்தவனுக்கு இப்படி ஒரு சட்டம்! 'மரமில்லாத மலை' என்று நம்மூரைக் கேலி செய்வார்களே, அங்கே எந்த மலையிலும் மரமில்லை.

பனிப்பாறை ஒன்று இடி மாதிரி உடைந்து கடலில் விழுந்தது. "பாத்தியா?" என்று திரும்பினேன். பக்கத்தில் ஒரு ஜெர்மன் பாட்டி. தமிழ் புரியாமலே தலையாட்டினார்.

ஊர் திரும்பியதும் கடைக்காரர் கேட்டார்: "குளிர் ஜாஸ்தியா சார்?"

"அது பரவாயில்லீங்க. அங்கே ராத்திரியே கிடையாது. அதான் எனக்குப் பிடிச்சிருந்தது."