தோல் சீவிய கைகள்

எங்க ஊர்ப்பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரங்களில் அதை நம்பிப் பிழைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நட்டவர்கள் அல்ல, தோல் சீவியவர்கள்.

ஜவ்வரிசி ஏதோ செடியில் காய்ப்பது என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தெளியவிட்டு, அடியில் படியும் ஈர மாவைக் குலுக்கி முத்தாக்கி, வறுத்துக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் கைவேலையாகத் தொடங்கிய தொழில். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. அரைக்க, குலுக்க எல்லாம் மோட்டார் வந்த பிறகும், தோல் சீவுவது வெகுகாலம் பெண்கள் கையிலேயே இருந்தது. பெண்களின் கூலி மெஷினைவிட மலிவு, அவ்வளவுதான்.

அம்மா வேலை பார்த்த பேக்டரியிலும் ஒரு சீசனில் மெஷின் இறங்கியது. சுழலும் உருளைக்குள் கிழங்குகள் உரசி, தண்ணீரில் தோல் கழன்று வரும். வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களில் சிலரைக் களத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை வீட்டுக்கு. அம்மா வீட்டுக்கு வந்தாள்.

"மெஷினு வந்தது நல்லதுதான் சாமி, முதுகு பொழச்சிச்சி. ஆனா சனிக்கெழம கூலியையும் அதுவே எடுத்துக்கிச்சே" என்பாள்.

எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. வலியை மெஷின் எடுத்துக்கொண்டால் யாருக்கு வருத்தம்? மிச்சமான கூலி யாரிடம் போனது என்பதுதான் கேள்வி. அந்த மெஷினை ஓட்ட ஓர் ஆணை வைத்தார்கள். வருஷக்கணக்காகக் கிழங்கைத் தொட்டே தரம் சொன்ன பெண்களில் ஒருத்தியையும் கேட்கவில்லை.

இப்போது அக்கா மகள் ஓசூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். ஹாஸ்டல், பி.எஃப்., வங்கியில் மாதச் சம்பளம். அம்மாவுக்கு இதெல்லாம் கனவிலும் இல்லை. ஆனால் அம்மாவின் கூடைகளை எண்ணியது ஒரு மேஸ்திரி. கணக்கு குறைந்தால் அவரோடு சண்டை போடலாம். இவளுடைய பீஸ்களை எண்ணுவது எதிரே இருக்கும் திரை.

"அதுகூட யாரு சித்தி சண்டை போடுறது?" என்று சிரிக்கிறாள். "எங்க லைன்ல மெஷின் ரிப்பேர் பண்ண வர்றதெல்லாம் பசங்கதான். நான் டிப்ளமோ சேரலாம்னு இருக்கேன்."

ஃபீஸ் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். முதல் தவணை தன்னுடையது என்று அம்மா சொல்லிவிட்டாள்.