பெட்டியின் மேல் குற்றமில்லை

ஒருவர் மீது பழி சுமத்துவதற்கு அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. என் பழைய மாருதி 800-க்குள் இருக்கும் ஈ.ஸி.எம். என்ற பெட்டியை நான் கண்டதே இல்லை. ஆயினும் சென்ற ஐப்பசி மழையில் கார் இருமி இருமி நின்றபோது, "மூளை போய்விட்டது, வேறு போட வேண்டும்" என்று ஒருவர் சொன்னார். உடனே நம்பிவிட்டேன்.

அப்பா வாங்கிய கார் அது. நானும் என் தம்பியும் ஓட்டப் பழகியது அதில்தான்.

அதற்கு முந்திய மாருதிகளில் கார்புரேட்டர் இருந்தது. கழற்றி ஊதினால் அடைப்புத் தெரியும். 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடு கடுமையானதும், பெட்ரோலை எப்போது, எவ்வளவு தெளிப்பது என்று கணக்கிடும் பொறுப்பு இந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. கணக்குப் பிள்ளையின் தவறு யார் கண்ணுக்குத் தெரியும்?

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த பட்டறைக்கு வண்டியை இழுத்துப் போனேன். மெக்கானிக் சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி ஒதுக்கினார். பிறகு டீ வாங்கி வரச் சொன்னார்!

"வேலையை ஆரம்பிக்கவில்லையா?" என்றேன்.

"ஆரம்பிச்சாச்சுங்க ஐயா. மிச்சமிருக்கிற கரண்ட் வடியட்டும்."

டீ முடிந்ததும் காரின் வெறும் இரும்பைத் தொட்டார். உடம்பில் தேங்கிய மின்சாரம் பெட்டிக்குள் பாய்ந்துவிடக் கூடாதாம். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, பிளக்கின் கொக்கியை விடுவித்து, வயரை இழுக்காமல் பிளக்கையே பிடித்து நேராக உருவினார். அப்புறம்தான் போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியை வெளியே எடுத்தார்.

பெட்டி உலர்ந்து சுத்தமாக இருந்தது. கண்ணாடி ரப்பர் வழியே ஒழுகிய மழைநீர் பிளக்கில் இறங்கி, ஒரு முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"பெட்டி மேல குத்தமில்லீங்க. சேர்ற இடத்துலதான் களிம்பு."

துடைத்து மாட்டி, கடைசியாகப் பாட்டரியை இணைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது.

2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பைச் சாய்த்தது. மிஞ்சியதைப் பங்கிடுவதில் தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்றது. "அவன் புத்தி கெட்டுவிட்டது" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

அன்று மாலை வீட்டுக்குப் போகவில்லை. ஆலங்குடிச் சாலையில் திரும்பினேன்.

தம்பி வாசலுக்கு வந்தான். என்னைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஓடுதா அண்ணே?" என்று கேட்டான்.