கூட்டுக்குள் காறும் எண்ணெய்

மீன் எண்ணெயை மாவாக்குகிறோம் என்றால் உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள். எண்ணெயைப் பால்புரதத்தோடும் மாவுச்சத்தோடும் தண்ணீரில் அடித்துக் கலந்து, சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பால்மாவு போல உதிரும். ஒவ்வொரு துகளுக்குள்ளும் எண்ணெய்த் துளிகள் ஒளிந்திருக்கும். பிள்ளைகளின் பால்மாவில் ஒமேகா-3 சேர்க்க இதுவும் ஒரு வழி. அந்தக் கூடு எண்ணெயைக் காறவிடாமல் எத்தனை நாள் காக்கும் என்று சோதிப்பது என் வேலை.

அவசரத்துக்கு ரான்சிமேட் என்ற கருவி உண்டு. எண்ணெயை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் காற்றை ஊதினால் சில மணி நேரத்தில் ஓர் எண் வந்துவிடும். சமையல் எண்ணெய்க்குச் சரி. மாவை அந்தச் சூட்டில் வைத்தால் கூடே குலையக்கூடும். பிறகு எதைச் சோதித்தோம்? ஆனால் விற்பனைப் பிரிவுக்கு அந்த எண்தான் பிடிக்கும். நாளைக்கே கொடுத்துவிடலாம் அல்லவா!

நான் 40 டிகிரியில் வைத்து வாராவாரம் எடுத்துப் பார்ப்பேன். கூட்டுக்கு வெளியே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தனியே கழுவி எடுக்க வேண்டும். முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான். உள்ளே இருப்பதைக் கூட்டை உடைத்து எடுத்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும் கணத்துக்குக் காத்திருப்பேன். அதுதான் பெராக்சைடு எண். மீன் எண்ணெய்க்குப் பொதுவாக 5-ஐத் தாண்டக்கூடாது என்கிறது கோடெக்ஸ் தரம்.

ஒரு முறை அந்த எண் சில வாரம் ஏறி, பிறகு இறங்கியது. "பரவாயில்லையே, தேறிடுச்சு!" என்றார் கூட்டத்தில் ஒருவர். கெட்ட எண்ணெய் தேறாது. பெராக்சைடு உடைந்து ஆல்டிஹைடாக மாறியிருந்தது. காறல் வாடையே அதிலிருந்துதான் வருகிறது. அதைக் காட்டும் அனிசிடின் எண், 20 என்ற வரம்பைத் தாண்டி நின்றது. பிள்ளைகள் சாப்பிடப் போகும் சரக்கு. நான் கையெழுத்துப் போடவில்லை. சில நாள் யாரும் என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை, அதுவும் பழகிவிட்டது. கூட்டின் கலவையை மாற்றி, மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்கினோம்.

"அப்போ நான் முழுங்குற மீன் எண்ணெய் மாத்திரை நல்லா இருக்காம்மா?" என்று அம்மா கேட்டார். பாட்டில் அடுப்புக்கு மேல் அலமாரியில் இருந்தது. ஒன்றைக் கத்தரித்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். எலுமிச்சை மணம் ஊட்டிய மாத்திரையில் அந்த வழியும் சரிவராது.