பார்த்ததும் நினைத்ததும்

வகுப்பில் ஒரு பென்சிலோ ஐம்பது ரூபாய்த் தாளோ காணாமற் போனால், எல்லோருடைய கண்களும் ஒரே பிள்ளையின் பக்கம் திரும்புவதை நம்மில் பலர் கண்டிருப்போம். பெரும்பாலும் அது சட்டைத் தையல் பிரிந்த பிள்ளையாகவோ, தாய் வெளிநாடு சென்றதால் அம்மம்மாவுடன் வளரும் பிள்ளையாகவோ இருக்கும்.

நான் வீடுகளுக்குச் சென்று சந்தித்த இடைவிலகிய பிள்ளைகளில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். காசு தொலைந்த அன்று, முழு வகுப்பும் பார்த்திருக்க அவனுடைய புத்தகப்பை கொட்டப்பட்டது. மறுநாள் அந்தக் காசு இடாப்புக்குள் கிடைத்தது. ஆனால், “நீ எடுக்கவில்லை” என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் பிறகு பாடசாலைக்குப் போகவே இல்லை.

ஹவார்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1963இல் வெளியிட்ட நூலில், ஒருவர் மீது சமூகம் குத்தும் முத்திரை அவரது வாழ்க்கைப் பாதையையே மாற்றிவிடும் என்று விளக்கினார். பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் படித்த இந்தக் கோட்பாட்டின் பொருள், அந்தச் சிறுவனைக் கண்டபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

சந்தேகத்திற்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? அறிவுரை சொன்னால் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். ஆகவே எமது சனிக்கிழமைச் சிறுவர் கழகத்தில் துப்பறியும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினோம்.

கதை இதுதான். கழக அலுமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைக் காணவில்லை. அலுமாரியில் ஒரு விரல் அடையாளமும், சிறிது வெள்ளைத் தூளும், கறுப்பு மையில் எழுதிய துண்டுக் கடிதமும் உள்ளன. சந்தேகத்திற்கு உரியவர்கள் கடைக்கார மாமா, அப்பக்கார ஆச்சி, தையல் அக்கா என்ற மூன்று கற்பனை ஆட்கள்.

பிள்ளைகள் நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து வேலை செய்வார்கள். தாளில் பென்சிலால் நன்றாகத் தேய்த்து, அதில் விரலை அழுத்தி, விரலின் மேல் செலோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால் ரேகை தெளிவாகத் தெரியும். கைவில்லையால் பார்த்து வளையமா, சுழியா, வில்லா என்று பிரிப்பார்கள். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகை ஒன்றுபோல இருக்காது என்று சொன்னால் வியப்பார்கள். கல்கத்தாவில் 1897இல் கைரேகைப் பணியகம் தொடங்கியதையும், ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர் உழைத்ததையும் சொல்லுவோம்.

வெள்ளைத் தூளில் தேசிக்காய்ப் புளி விட்டால் அப்பச்சோடா நுரைக்கும், உப்பு நுரைக்காது. கோதுமை மாவில் ஒரு துளி அயடீன் விட்டால் கருநீலமாகும். அயடீனைப் பெரியவர்களே கையாள வேண்டும். கடிதத்தின் மையைச் சோதிக்க, பிள்ளைகள் நிறம் தீட்டும் கறுப்பு பெல்ட் பேனைகளால் வெள்ளை டிஷ்யூக் கீலங்களில் புள்ளி வைத்து, புள்ளி நனையாதபடி நுனியை மட்டும் தண்ணீரில் தோய்ப்போம். ஏறும் தண்ணீரோடு கறுப்பு பல நிறங்களாகப் பிரியும். ஒவ்வொரு பேனையும் பிரியும் விதம் வேறு.

கண்டவற்றை எழுதக் கொப்பியில் இரண்டு நிரல்கள். ஒன்று ‘பார்த்தது’, மற்றது ‘நினைத்தது’. இந்த விளையாட்டின் உயிர் இந்த இரண்டு நிரல்களில்தான் இருக்கிறது.

தூள் அப்பச்சோடா, ரேகையும் பேனையும் ஆச்சியுடையவை என்று கண்டதும் பிள்ளைகள், “ஆச்சிதான் கள்ளி!” என்று கத்தினார்கள். அப்போது கடிதத்தின் மடிப்பைத் திறந்து வாசித்தோம். ‘எலி வருகுது. டின்னை மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.’ வகுப்பு அப்படியே அமைதியானது. ஆச்சி அலுமாரியைத் தொட்டதற்குத்தான் சான்று இருந்தது. எடுத்துச் சென்றதற்கு எதுவுமே இல்லை.

சில வாரங்களின் பின் ஒரு பிள்ளையின் நிறப்பென்சில் பெட்டி உண்மையாகவே காணாமற் போனது. “அவன்தான் எடுத்திருப்பான் அக்கா” என்று ஒருவன் என்னிடம் சொன்னான். உடனே பக்கத்தில் இருந்த சிறுமி, “நீ பார்த்தனியா, நினைச்சனியா?” என்று கேட்டாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. பெட்டி கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் யாருடைய பையும் கொட்டப்படவில்லை.

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியைகளும் தாய்மாரும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். கதையில் வரும் ஆட்கள் கற்பனை ஆட்களாகவே இருக்கட்டும். வகுப்புப் பிள்ளை ஒருவரை விளையாட்டுக்காகவேனும் கள்ளனாக்க வேண்டாம். உண்மையாகப் பொருள் தொலைந்தால் ரேகை எடுக்கப் புறப்பட வேண்டாம். தொலைத்த பிள்ளையிடம், கடைசியாக எங்கே வைத்தாய் என்று தனியாகக் கேளுங்கள். பிறகு எல்லோருமாகத் தேடுங்கள்.

ஒரு பென்சில், ஒரு செலோடேப், சமையலறையில் உள்ள நாலு சாமான்கள் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை.