பாயைச் சுருட்டுவது யார்?

"கம்பெனி போயிடும் சார்."

2024 செப்டம்பரில் திருமழிசை டீக்கடைகளிலும் சிட்கோ எஸ்டேட் பட்டறைகளிலும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். 9ஆம் தேதி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் எச்சூர்ப் பக்கம் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "மூட்டையக் கட்டிக்கிட்டு வேற ஸ்டேட்டுக்குப் போயிடுவான். அப்புறம் நம்ம பசங்க எங்க போறது?" என்றவர் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். சாம்சங்கோடு அவருக்கு ஒரு ரூபாய் வியாபாரமும் கிடையாது. ஆனால் குரலில் இருந்த பதற்றம் பொய்யில்லை. இந்தப் பக்கத்தில் வீட்டு வாடகை, மெஸ், இட்லிக் கடை, வேன் ஓட்டும் பிழைப்பு எல்லாமே யாரோ ஒரு கம்பெனியின் ஷிப்ட் நேரத்தை நம்பித்தான் நடக்கின்றன.

அந்த நாட்களில்தான் சாம்சங் தொழிலாளர்களுக்கு ஆதரவாக ஒரு சின்ன ஊர்வலத்தில் நானும் நடந்தேன். ஊர்வலம் என்று எழுதினால் கூட வந்தவர்களே சிரிப்பார்கள். ஐம்பது அறுபது பேர் இருந்திருப்போம். ஆர்ப்பாட்டத்துக்கு மட்டும் அனுமதி உண்டு, ஊர்வலத்துக்கு இல்லை என்றார்கள் போலீஸார். கடைசியில் ஒரு சமரசம் வந்தது: திருவள்ளூர் ரோட்டின் ஓரமாக வரிசையாக 'நடந்து' போகலாம், கோஷத்தைப் போய்ச் சேர்ந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அப்படியே கொடியும் கையுமாக, ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டு போனோம். கண்டெய்னர் லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் காற்றில் கொடித்துணி முகத்தில் வந்து அறைந்தது. ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஒன்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. வழிவிடச் சொன்னதா, வாழ்த்துச் சொன்னதா தெரியவில்லை. "ஆதரவு, ஆதரவு" என்றார் முன்னால் போன தோழர். சங்கத்துக்காரர்களுக்கு அந்த நம்பிக்கை எப்போதும் உண்டு.

உண்டியல் ஒரு பையன் கையில் இருந்தது. பால் பவுடர் டப்பாவில் சிவப்புத் தாள் ஒட்டி, மூடியில் கத்தியால் வாய் கீறியிருந்தார்கள். நோட்டை நாலாக மடித்தால்தான் உள்ளே போகும். பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "யாருக்குப்பா?" என்றார்.

"சாம்சங் தொழிலாளிங்களுக்கு அக்கா."

"அங்க நல்ல சம்பளம்னு சொன்னாங்களே?"

"சம்பளமும் பிரச்சினைதான்க்கா. அதைக் கேக்க ஒரு சங்கம் வெச்சா, அதையே ஒத்துக்க மாட்றாங்க."

"பூக்கட்ற எங்களுக்கே சங்கம் இருக்கே!" என்றவர் பத்து ரூபாயை மடித்துப் போட்டார்.

அன்று மைக் பிடித்தவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொல்லவில்லை. 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய மண் இது. பக்கிங்ஹாம் ஆலை நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு நீதிமன்றத் தடை வாங்கியதையும், அந்தக் கொந்தளிப்புகளுக்குப் பிறகு 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததையும் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடலாம். நூறு வருஷம் கழித்து, அதே சட்டத்தின் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யப் பந்தல் போட்டு உட்கார வேண்டியிருந்தது. நிர்வாகம் சொன்ன ஆட்சேபங்களில் எனக்கு மறக்காத ஒன்று: சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாதாம், அது வணிக முத்திரையாம். கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்காகப் பாடுபடலாம், அந்தப் பேரில் நாலு பேர் கூடக்கூடாது!

எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கதை இந்த இடத்தில் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. திருமழிசை ஆழ்வாரை வளர்த்தவர்கள் பிரம்பறுத்துப் பிழைத்த தம்பதி. அவருடைய சீடன் கணிகண்ணன், தன்னைப் பாடச் சொன்ன பல்லவ ராஜாவிடம் முடியாது என்றான். ராஜா அவனைக் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளிடம், 'நாங்கள் போகிறோம், நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொள்' என்றார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மூவரும் ஓரிருக்கையில் ராத் தங்கினார்கள். ஊர் இருண்டுபோக, ராஜா ஓடிவந்து காலில் விழுந்து திரும்ப அழைத்துப் போனான். பக்தர்கள் இதை வேறு விதமாகப் படிப்பார்கள். எனக்கு என்னவோ இது ஒரு வெளிநடப்பாகத்தான் படுகிறது, அதுவும் வெற்றிபெற்ற வெளிநடப்பு.

இன்று அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாய் கம்பெனியின் கக்கத்தில் இருக்கிறது. சுருட்டுவேன் என்று அது சொல்லக்கூட வேண்டாம், சொல்லாமலே ஊர் நடுங்குகிறது. ராஜா மட்டும் மாறவில்லை. போகாதே, போகாதே என்று இப்போதும் கெஞ்சுகிறார், யாரிடம் என்பதுதான் மாறியிருக்கிறது. போராடியவர்களிடம் அக்டோபர் 8ஆம் தேதி ராத்திரி வேறு முகம் காட்டினார்: வீடு தேடிக் கைது, மறுநாள் பந்தல் பிரிப்பு.

சரி, இதுவரை பாயைச் சுருட்டியவர்கள் எதனால் சுருட்டினார்கள்? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தியது. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது. மறைமலை நகர் ஃபோர்டு, நஷ்டக் கணக்கைக் காட்டி 2021 செப்டம்பரில் விடைபெறுவதாக அறிவித்தது. இரண்டிலும் மூடும் நேரத்தில் தொழிலாளர்கள் கொடி பிடித்துத் தெருவுக்கு வந்தது 'போகாதே' என்று கேட்பதற்கு. ஊர்வலத்தால் போன கம்பெனி என்று பட்டறைக்காரரிடம் ஒரு பேர் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஊர்வலத்தில் எனக்கு வேறொரு குறை உண்டு. யாரைப் பார்த்துக் கத்துகிறோம்? பழைய முதலாளிக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு பங்களா, ஒரு கார் இருந்தது. இப்போது நம் கோஷத்தைக் கேட்கிற ஒரே அதிகாரி பந்தோபஸ்துக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி ஃபாக்ஸ்கானுக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள், சாப்பாடு விஷமாகி நூற்றுக்கணக்கில் சுருண்டு விழுந்தார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. விடுதி ஒருவருடையது, சமையல் இன்னொருவர் கையில், வேலைக்கு எடுத்துவிட்டவர் ஒரு காண்ட்ராக்டர், ஆலை ஃபாக்ஸ்கானுடையது, செய்கிற போன் ஆப்பிளுடையது. மனு எழுதினால் மேலே யார் பேர் போடுவது?

அந்தப் பெண்கள் மனு எழுதவில்லை. தோழிகள் செத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது, உண்மை சொல்ல ஆள் இல்லை. 17ஆம் தேதி ராத்திரி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். பலருக்கு இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், ஊர் எங்கேயோ இருக்கும். தலைவர் இல்லை, சங்கம் இல்லை. வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. யாரும் செத்துப்போகவில்லை என்று விடியும்வரை அதிகாரிகள் வந்து விளக்க வேண்டியிருந்தது. மறுநாள் ஆலை மூடியது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்தில் இல்லை என்று ஆப்பிளே அந்த மாதக் கடைசியில் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். முகவரி தெரியாத முதலாளியின் சரக்கு எந்த வழியாகப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அனுமதி வாங்கி ஓரமாக நடந்த எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரிகள்.

சாம்சங் வேலைநிறுத்தம் 37 நாள் ஓடி, அக்டோபர் 15இல் பேச்சுவார்த்தையில் முடிந்தது. நீதிமன்றப் படியேறி, 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று, சாம்சங் என்ற பெயரோடுதான். பத்து நாள் ஆகவில்லை, நிர்வாகிகள் மூவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பிப்ரவரியில் மறுபடி உள்ளிருப்புப் போராட்டம். நாங்களும் மறுபடி வசூலுக்குக் கிளம்பினோம்.

"திரும்பவுமா? இந்தத் தடவை கண்டிப்பா போயிடுவான் பாருங்க" என்றார் பட்டறைக்காரர். சொல்லிக்கொண்டே கல்லாவைத் திறந்து நூறு ரூபாய் எடுத்தார். ரசீதுப் புத்தகத்தைப் பிரித்ததும் கையால் மறித்தார்.

"பேர் போடாதீங்க சார்."